மூளைச்சாவுக்குப் பிறகும் ஐசியுவில் ஏன் இவ்வளவு மருந்து?

வெள்ளவத்தைப் பெடியன்: மூளைச்சாவு உறுதியாகி, குடும்பமும் உறுப்புத் தானத்துக்குச் சம்மதித்த பிறகு ஏன் இன்னும் மருந்து, ட்ரிப், இரத்தப் பரிசோதனை என்று ஓடுகிறார்கள்? மாமா கிட்னிக்குக் காத்திருக்கிறார், அதனால் கேட்கிறேன்.

இரவு ஷிப்ட்: தம்பி, வேலை அப்போதுதான் கூடும். மூளை நின்றதும் பிரஷர் விழும், சூடு இறங்கும், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் ஹார்மோன் சுரக்காததால் சிறுநீர் பச்சைத் தண்ணீர் மாதிரிப் போய்க்கொண்டே இருக்கும், பையை வெறுமையாக்கித் திரும்புவதற்குள் மறுபடி நிரம்பிவிடும், இரத்தத்தில் சோடியமும் ஏறும். அதனால்தான், எடுக்கும் வரை உறுப்புகள் கெடாமல் இருக்க, வாசோபிரசின் ட்ரிப், அளந்து திரவம், சராசரி பிரஷர் 65 அளவில் நிற்க நோரட்ரினலின் என்ற பிரஷர் ஏற்றும் மருந்து. வென்டிலேட்டரில் சின்னச் சின்ன மூச்சுத்தான், கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலீட்டர். கூட்டினால் நுரையீரல் வீண்.

கொட்டாஞ்சேனை அக்கா: தைராய்டு ஹார்மோனும் கொடுப்பார்களாமே?

இரவு ஷிப்ட்: பல நாடுகளில் வழக்கம்தான் அக்கா. ஆனால் 2023இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், லெவோதைரொக்சின் என்ற அந்தத் தைராய்டு ஹார்மோனைக் கொடுத்தும் மாற்றுவதற்குக் கூடுதல் இதயங்கள் கிடைக்கவில்லை. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தம்பி, உங்கள் மாமா விஷயத்துக்கு வேறொன்று: 2015 ஆய்வில் தானம் செய்பவரின் உடலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குளிராக, 34–35 பாகையில் வைத்தபோது, கிட்னி மாற்றிய முதல் கிழமையில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 39 வீதத்திலிருந்து 28 ஆகக் குறைந்தார்கள்.

வெள்ளவத்தைப் பெடியன்: மூளைச்சாவு என்று சொல்லும் டாக்டரேதான் கிட்னியும் மாற்றுவாரா?

இரவு ஷிப்ட்: இல்லை, அது வேறு ஆட்கள்.