கட்டுவிரியனை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது?

நண்பர்களுக்கு வணக்கம்.

எலாப்பிடே, வைப்பரிடே என்ற இரண்டு பாம்புக் குடும்பங்களுக்கும் ‘நாகக் குடும்பம்’, ‘விரியன் குடும்பம்’ என்று தமிழ்ப் பெயர் வைக்கலாம் என இந்தக் கலைச்சொல் இழையில் பலரும் சொல்லியிருக்கிறீர்கள். சுருக்கமான சொற்கள்தான். ஆனால் கட்டுவிரியன் இடிக்கிறது.

பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் நல்ல பாம்பின் உறவு, எலாப்பிடே. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வைப்பரிடே. கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போகிறவர்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி விரியனுக்குத் தலை முக்கோணமாகக் கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். கட்டுவிரியனுக்குத் தலை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே சொல்வது கடினம். முன்னது குட்டி போடும், பின்னது முட்டையிடும். கடியும் வேறு. கண்ணாடி விரியன் கடித்தால் வலி, வீக்கம், ரத்தம் உறையாமல் போவது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. அப்புறம் இமை சரியும், மூச்சு திணறும். இந்த இரண்டையும் ‘விரியன் குடும்பம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் ஒரு மாணவர் படித்துவிட்டால் அது வெறும் சொற்பிழையாக நிற்காது.

கட்டுவிரியனின் பெயரையே ‘கட்டுநாகம்’ என்று மாற்றிவிடலாம் என்ற யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடிவருகிறவர் வாயில் வரப்போவது கட்டுவிரியன் என்ற சொல்தான். அதைக் கேட்டதும் மருத்துவருக்குப் புரிய வேண்டும். மக்கள் வைத்த பெயரில் நாம் கைவைக்கக் கூடாது. குடும்பத்துக்குத்தான் வேறு வேரிலிருந்து சொல் தேட வேண்டும்.

‘நாகக் குடும்பம்’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. நாகம் என்றதும் நம் ஆட்கள் படமெடுக்கும் தலையைத் தேடுவார்கள். கட்டுவிரியனுக்குப் படம் இல்லை. மீனவர் வலையில் சிக்கும் கடல் பாம்பும் இதே குடும்பம்தான், அதற்கும் படம் கிடையாது.

என் பரிந்துரை பல்லிலிருந்து வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கடல் பாம்பு மூன்றுக்கும் நச்சுப்பல் குட்டையாக, மேல்தாடையின் முன்பக்கத்தில் நிலையாக நிற்கும். விரியன்களின் நச்சுப்பல் நீளமானது. வாய் மூடியிருக்கும்போது மேலண்ணத்தோடு மடிந்து கிடக்கும், கடிக்கும்போது நிமிரும். ஆகவே எலாப்பிடேக்கு ‘நிலைப்பல் குடும்பம்’, வைப்பரிடேக்கு ‘மடக்குப்பல் குடும்பம்’. “கட்டுவிரியன் ஒரு நிலைப்பல் பாம்பு” என்று எழுதிப் பாருங்கள், பெயரும் உறவும் மோதாமல் நிற்கின்றன.

அறிவியல் பெயர்களைத் தமிழாக்குவது பற்றி ஒன்று. வேண்டாம். நல்ல பாம்புக்கு நாஜா நாஜா, கட்டுவிரியனுக்கு பங்காரஸ் செருலியஸ் என்று ஒலிபெயர்த்தாலே போதும். (பங்காரஸ் என்பதே பொன்னைக் குறிக்கும் தெலுங்கின் ‘பங்காரு’விலிருந்து போனது.) மேலும் அந்தப் பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பவை. கண்ணாடி விரியன் முன்பு வைப்பெரா பேரினத்தில் இருந்தது, இப்போது டபோயா. நம் ஊர்ப் பச்சைப் பாம்பை நெடுங்காலம் அஹெடுல்லா நசூட்டா என்றோம். 2020இல் வந்த ஆய்வு அந்தப் பெயரை இலங்கைப் பாம்புக்கு மட்டும் ஒதுக்கி, இங்குள்ளதை அஹெடுல்லா ஆக்சிரின்கா என்றது. தாம்பரத்து வேலியில் தொங்கும் பாம்புக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, அது பச்சைப் பாம்பாகவே இருக்கிறது.

சொல்லமைப்பில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பல் தானாக மடங்குவதால் ‘மடங்குபல்’ என்பது ஊறுகாய் போல வினைத்தொகையாக, ஒற்று மிகாமல் சரியாக வரும். ‘மடக்குப்பல்’ என் தேர்வு, மடக்குக் கத்தி, மடக்கு நாற்காலி என்று காது பழகியிருப்பதால். இலக்கணம் தெரிந்தவர்கள் முன்னதுதான் சரி என்றால் மாற்றிக்கொள்கிறேன். கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் சொல்லுங்கள்.