டேக்ஆஃபில் ரம்பம் அறுக்கும் சத்தம் ஏன்?

கேள்வி: போன வாரம் போயிங் 777-இல் முன்வரிசை. ஓடுபாதையில் வேகமெடுத்ததும் மரவாடியில் ரம்பம் ஓடுவது போல ‘ர்ர்ர்’ என்று சத்தம். மேலே போனதும் அடங்கிவிட்டது. பழைய 737-200-இல் இடிமுழக்கம்தான் கேட்டிருக்கிறேன். ஏதாவது பழுதா?

பதில்: பழுதில்லை. முழு விசையில் என்ஜினின் முன்விசிறி அலகுகளின் (இறக்கைகளின்) நுனி ஒலியை விட வேகமாகச் சுற்றும். ஒவ்வொரு நுனியும் ஓர் அதிர்வலையைக் கிளப்பும். எல்லா அலகுகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் ரம்பம். 737-200-இன் ஜேடி8டி ஒல்லி என்ஜின். அதன் சூடான வாயு படுவேகமாகப் பின்னால் பாய்ந்து வெளிக்காற்றோடு மோதும்; அதுதான் அந்த இடிமுழக்கம். அந்த வேகம் இரட்டித்தால் ஒலியாற்றல் ஏறக்குறைய 256 மடங்கு!

இன்னொருவர்: ரம்பம் முன்பக்கமாகத்தான் பரவும். நான் எப்போதும் கடைசி வரிசை, கழிவறை பக்கம். எனக்கு வெறும் இரைச்சல்தான்.

கேட்டவர்: அப்பாடா! பக்கத்து சீட்டுக்காரரின் கையை வேறு பிடித்துவிட்டேன்.