சாயம் போட்டு வந்த துணியில் குறுக்குக் கோடு: நூலா, நிட்டிங்கா, சாயப்பட்டறையா?

பனியன்கடை:
வணக்கம். திருப்பூரில் 14 மெஷின் வைத்து உள்ளூர் ஆர்டருக்கு டி-ஷர்ட் தைக்கிறேன். 30 கவுண்ட் கோம்டு நூல் 600 கிலோ வாங்கினேன். என் இடத்தில் இறக்கினால் இன்னொரு வண்டிக்கூலி என்று நேராக நிட்டிங்குக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன். 594 கிலோ துணியானது. சாயப்பட்டறையிலிருந்து ஆலிவ் பச்சையில் 548 கிலோ திரும்பி வந்தது. விரித்துப் பார்த்த கட்டிங் மாஸ்டர் கத்தியையே எடுக்கவில்லை. பாதிக்கு மேல் ரோல்களில் அகலவாக்கில் வரிவரியாகக் கோடு.

நிட்டிங்காரர் "சாயம் போடாத துணியில் எதுவும் தெரியலயே, சாயத்தைக் கேளுங்க" என்கிறார். சாயப்பட்டறை நூலைக் கை காட்டுகிறது. நூல்காரர் நிட்டிங்கைக் கை காட்டுகிறார். போதாக்குறைக்கு 46 கிலோ எடை வேறு குறைகிறது. கோபத்தில் சாயக்கூலி பில்லை நிறுத்தி வைத்திருக்கிறேன். என் கையில் இருப்பது மூன்று பில்லும் வாட்ஸ்அப் பேச்சும்தான். யாரைப் பிடிப்பது?

வட்டமெஷின்:
அண்ணா, யாரையும் பிடிப்பதற்கு முன் துணியைக் கேளுங்க, அது சொல்லிவிடும். முதலில் ஒரு கோட்டிலிருந்து அதே மாதிரியான அடுத்த கோடு வரை எத்தனை பின்னல் வரிசை என்று லென்ஸ் வைத்து எண்ணுங்க. அந்த எண்ணும் நிட்டிங் மெஷினின் பீடர் (நூலை ஊட்டும் வாய், ஒரு சுற்றில் ஒவ்வொன்றும் ஒரு வரிசை பின்னும்) எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் கோடு சாயத்தில் வந்ததில்லை, மெஷினில் ஏறும்போதே வந்தது. 30 இஞ்ச் மெஷின் என்றால் 90 பீடர் பக்கம் இருக்கும்.

அப்புறம், நெடுக்குவாட்டில் நேராக வெட்டிய ஒரு சாண் அகலத் துண்டில், கோடு விழுந்த வரிசை நூலையும் பக்கத்து நல்ல வரிசை நூலையும் உருவி நீட்டி அளங்க. நீளம் வித்தியாசப்பட்டால் பீடரில் இழுவை சரியில்லை, நிட்டிங்காரர் தப்பு. நீளம் ஒன்றாகவே இருந்தால் நூல்தான் வேறு. அதாவது இரண்டு லாட் (மில்லில் வெவ்வேறு தடவை தயாரான நூல்) கலந்திருக்கிறது. இரண்டு லாட்டிலும் பஞ்சு வேறாக இருந்தால் சாயத்தை ஒரே மாதிரி குடிக்காது. சாயம் போடாத துணியில் கண்ணுக்குத் தெரியாமல் போவதும் இதனால்தான்.

சாயத்தொட்டி:
எடையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 594-க்கு 46 என்றால் 7.7 சதவீதம். பருத்தியில் இயற்கையாக இருக்கும் மெழுகு, நிட்டிங் எண்ணெய், பஞ்சுத் துகள் எல்லாம் கழுவலில் போகும்; பயோவாஷ் (மேல் பஞ்சை எடுக்கும் என்சைம் கழுவல்) போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம். எங்கள் பட்டறையில் இந்த அளவுக்கு யாரும் சண்டைக்கு வந்ததில்லை. "எத்தனை சதவீதம் வரை லாஸ்" என்று முன்னாடியே டிசியில் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எழுதி வாங்கினீர்களா? இல்லையென்றால் இப்போது பேசி என்ன பிரயோஜனம்? துணி சரியாகக் காயாமல் வந்தால் எடை கூடத்தான் காட்டும். அதனால் எடையை மட்டும் நம்பாமல், வந்த அன்றே ஒரு துண்டு வெட்டி, நன்றாகக் காயவைத்து ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பாருங்க.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பில்லை நிறுத்தி வைத்திருப்பதுதான் எனக்குப் பயம். சாயப்பட்டறை உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்தான் கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் இடிக்கிறது: கெடு தாண்டிக் கொடுத்தால், கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். நூல் பில்லையும் வருடக்கணக்கில் இழுக்காதீங்க. 180 நாளில் பணம் போகாவிட்டால் எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

சரக்கு வந்து 15 நாளுக்குள் குறையை எழுத்தில் கொடுத்தால் அது வேறு. அந்தக் குறை தீர்ந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். போனில் திட்டியது எழுத்தாகாது. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறதா?

பனியன்கடை:
துணி வந்து 9 நாள் ஆகிறது. இன்றே மெயில் போடுகிறேன், நன்றிங்க.

பனியன்கடை (நான்கு நாள் கழித்து):
எண்ணினோம். சரியாக 90 வரிசைக்கு ஒருமுறை அதே கோடு வருகிறது. உருவி அளந்ததில் நீளம் ஒன்றேதான். உடனே நிட்டிங்குக்குப் போய்க் காலி மூட்டைகளைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 12 மூட்டையில் 9 மூட்டைக்கு ஒரு லாட் எண், 3 மூட்டைக்கு வேறு எண். மூட்டை அங்கேயே கிடந்தது என் அதிர்ஷ்டம். நூல்காரரின் டிசியில் "12 மூட்டை" என்று மட்டும்தான் இருக்கிறது. ஸ்டிக்கர் போட்டோவைக் காட்டியதும் அவர் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் "பிரித்து ஓட்டியிருக்கலாமே" என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். நிட்டிங்காரர் பார்க்கவில்லை, நான் பார்க்கச் சொல்லவும் இல்லை.

கடைசியில் மறுசாயக் கூலியில் பாதியை நூல்காரர் கிரெடிட் நோட்டாகத் தருகிறார். மீதி என் தலையில். கோடு ரோல்களைக் கறுப்பில் முக்கி வேறு ஆர்டருக்குப் போடலாம் என்று கட்டிங் மாஸ்டர் சொல்கிறார். சாயப்பட்டறைக்கு மன்னிப்புக் கேட்டுப் பணம் அனுப்பிவிட்டேன்.

வட்டமெஷின்:
கறுப்பு நல்ல முடிவு, நடுத்தர நிறங்களில்தான் கோடு பளிச்சென்று தெரியும். இனி நூல் எங்கே இறங்கினாலும் உங்கள் ஆள் ஒருத்தர் போய் ஸ்டிக்கரைப் போட்டோ எடுக்கட்டும். லாட் எண்ணை நிட்டிங் டிசியில் எழுதுங்க, ஒவ்வொரு ரோல் ஓரத்திலும் மார்க்கரில் எழுதச் சொல்லுங்க, அதே எண் சாயப்பட்டறை டிசியிலும் ஏறட்டும். லாட் மாறினால் அந்த மெஷினை நிறுத்தாமல் ஓட்டக் கூடாது என்று முதல் டிசியிலேயே போட்டுவிடுங்க. சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டாம், 80 பக்க நோட்டு போதும்.

கணக்குப்பிள்ளை:
நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீங்க. ஜிஎஸ்டி கணக்குகளை அந்த ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

பனியன்கடை:
நோட்டு வாங்கியாயிற்று. முதல் பக்கத்தில் அந்த இரண்டு ஸ்டிக்கரையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.