புதுப்பிப்பு: வரும் மின்னஞ்சலை உறுப்பினர் பதிவோடு பொருத்துவது – தீர்ந்தது

உறுப்பினர் அட்டவணையில் முகவரி இருந்தும் எங்கள் சங்கத்துக்கு வரும் பல மின்னஞ்சல்கள் 'தெரியாத அனுப்புநர்' என்று ஒதுங்குவதாகக் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, முகவரியை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து அட்டவணையில் தனி நெடுவரிசையில் வைக்கச் சொன்னவரின் யோசனை. மூல முகவரியைத் தொடவில்லை. பதில் அனுப்ப அதுதான் வேண்டும். புதிய நெடுவரிசையில் எல்லாம் சின்ன எழுத்து, முன்பின் இடைவெளி கிடையாது. ஜிமெயிலுக்கு மட்டும் @ குறிக்கு முன்னுள்ள புள்ளிகளையும், கூட்டல் குறி தொடங்கி வருவதையும் எடுத்துவிடுகிறேன். கூகுள்மெயில்.காம் என்றிருந்தால் ஜிமெயில்.காம் ஆகிவிடும். மற்ற சேவைகளில் புள்ளியை எடுக்கவே எடுக்காதீர்கள், அது வேறொருவர் பெட்டியாக இருக்கலாம்.

எதிர்பாராத ஒன்று: பழைய முகவரியிலிருந்து ஃபார்வர்டு ஆகி வருபவற்றில் ரிட்டர்ன்-பாத் (அஞ்சல் சேராவிட்டால் திரும்பிப் போகும் முகவரி) 'எஸ்ஆர்எஸ்0=' என்று தொடங்கியது. இடையிலுள்ள சர்வர் அதைத் தன் டொமைனுக்கு மாற்றி எழுதுகிறது. முகவரியைப் பொருத்தும் ஸ்கிரிப்டை (சிறு நிரலை) அதற்குப் பதில் ஃப்ரம் வரியை, அதாவது அனுப்புநர் முகவரி வரியைப் படிக்க வைத்ததும் அவையும் பொருந்தின. ஆனால் ஃப்ரம் வரியை யாரும் போலியாகப் போடலாம். அதனால் பெயர், முகவரி மாற்றக் கோரிக்கைகளைப் பொருத்தத்தை மட்டும் நம்பித் தானாகச் செய்வதில்லை.

கணவன் மனைவி இருவரும் ஒரே முகவரி கொடுத்திருந்ததால், யுனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வர விடாத குறியீடு) போட எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் மறுத்தது. இப்போது சாதாரண இன்டெக்ஸ்தான். இரண்டு பேருக்குப் பொருந்தினால் அலுவலகத்தில் ஒருவர் பார்த்து முடிவுசெய்கிறார்.