பிஎச்டி விண்ணப்பத்துக்கு மாரத்தான் மெடல் எதுக்கு?

அல்சூர்க்காரன்:
பெங்களூர்ல ஒரு கன்சல்டன்சி போட்ட நோட்டீஸை இங்க பகிர்ந்திருக்காங்க: அமெரிக்காவுல சயின்ஸ் பிஎச்டி வேணும்னா என்சிசி, மாரத்தான், என்ஜிஓ சேவை கட்டாயமாம். படிச்சதும் பத்திக்கிட்டு வருது. இது இளங்கலைக் கதை. அங்கதான் காமன் ஆப்ல (பல கல்லூரிகளுக்கும் பொதுவான இளங்கலை விண்ணப்பம்) பத்து செயல்பாடு வரைக்கும் எழுத இடம் உண்டு. பிஎச்டிக்கு டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), எஸ்ஓபி (என்ன ஆராய்ச்சி, ஏன்னு நாமளே எழுதற நோக்கக் கட்டுரை), சிவி, மூணு சிபாரிசுக் கடிதம். விண்ணப்பத்தைப் படிக்கிறவங்க அந்தத் துறைப் பேராசிரியர்கள். இந்தப் பிள்ளை லேப்ல தாக்குப்பிடிக்குமான்னுதான் பார்ப்பாங்க.

ஜெயநகர் ஜானகி:
அவ்வளவுதானா சார்? பெர்க்லி யூனிவர்சிட்டி எஸ்ஓபிக்கு மேல ‘பர்சனல் ஹிஸ்டரி’ன்னு தனியா ஒரு கட்டுரை கேட்குதே. அதுல லேப்ல எடுத்த ஜெல் படம் ஒட்டி அனுப்புவீங்களா?

அல்சூர்க்காரன்:
அதுல கேட்கிறது உங்க பின்னணி, தாண்டி வந்த தடை, மத்தவங்களுக்குப் படிப்பு எட்ட என்ன செஞ்சீங்கங்கிறது. மாரத்தான் எங்க வருது மேடம்? எஸ்ஓபியில எடுபடறது என்னன்னு சொல்றேன். ‘வெஸ்டர்ன் ப்ளாட் (ஆன்டிபாடியால புரோட்டீனைக் கண்டுபிடிக்கிற லேப் சோதனை) கத்துக்கிட்டேன்’னு எழுதினா ஒரு பிரயோஜனமும் இல்ல. ‘பேண்ட் வரல, மெம்ப்ரேனுக்குப் புரோட்டீனைக் காட்டற பான்சோ கறை போட்டேன், புரோட்டீன் ஏறியிருந்தது, அதனால டிரான்ஸ்ஃபர் சரி, கோளாறு ஆன்டிபாடி பக்கம்னு அதோட டைல்யூஷனை மாத்திப் பார்த்தேன்’னு எழுதுங்க. இந்த நாலு வரிக்கு ஒரு அலமாரி கோப்பை ஈடாகாது.

ஹெப்பால் முருகேசன்:
இங்கயே சேர்றதுன்னா பேச்சே வேணாம். பெங்களூர் ஐஐஎஸ்சிக்கு (இந்திய அறிவியல் கழகம்) கேட், நெட் ஜேஆர்எஃப், பிசிக்ஸ்னா ஜெஸ்ட்னு நுழைவுத் தேர்வுங்க, அப்புறம் இன்டர்வியூ. போர்டுல ஹார்மோனிக் ஆசிலேட்டர் போடச் சொல்வாங்க. கபடியப் பத்தி எவரும் கேட்கப் போறதில்ல.

ஜெயநகர் ஜானகி:
நான் கேட்டது பெர்க்லி, நீங்க ஹெப்பால் தாண்டல. அமெரிக்க அரசோட என்எஸ்எஃப் (தேசிய அறிவியல் அறக்கட்டளை) தர்ற ஜிஆர்எஃப்பி ஃபெலோஷிப்பைப் பாருங்க. ‘பிராடர் இம்பாக்ட்ஸ்’னு, அதாவது சமூகத்துக்கு என்ன பயன்னு, அளவுகோலே வெச்சிருக்கான்.

அல்சூர்க்காரன்:
அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வெச்சிருக்கிறவங்களுக்கும். பெங்களூர்ல எம்எஸ்சி படிக்கிற பிள்ளைக்கு அதைக் காட்டி என்ன பயன்? ரோட்ஸ், கேட்ஸ் கேம்பிரிட்ஜ்னு சொல்லியிருந்தா ஒத்துக்கலாம். தலைமைப் பண்பைப் பார்ப்பாங்க. ஆனா அது ஸ்காலர்ஷிப் கமிட்டி, துறைச் சேர்க்கை வேற. கேட் மதிப்பெண் ரெண்டு வருஷம்தான் செல்லும்னு இதே இடத்துல அடம் பிடிச்சவங்கதானே நீங்க? மூணு வருஷம்.

ஜெயநகர் ஜானகி:
பழைய கணக்கைத் தோண்டறீங்கன்னா கையில சரக்கு தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். பெர்க்லிக்குப் பதில் எங்க?

பனசங்கரி பாலு:
அண்ணா, ஒரு விஷயம். நேரு பிளானிட்டேரியத்துல ரீப் (மாணவர்களுக்கான அறிவியல் பயிற்சி) வகுப்புக்குப் போறவங்க, வானியல் சங்கத்துல டெலஸ்கோப்புக்கு ஆறு அங்குலக் கண்ணாடி தேய்க்கிறவங்க எல்லாம் அதை எழுதக் கூடாதா? கார்போரண்டம் பொடியில முரட்டுலேருந்து நைஸ் வரைக்கும் படிப்படியா இறங்கி, சீரியம் ஆக்சைடுல பாலிஷ் போட்டு, ஃபூகோ சோதனையில (கண்ணாடி வளைவு சரியான்னு ஒளியால பார்க்கிறது) விளிம்பு சரிஞ்சிருக்கான்னு பார்க்கிறது லேசான வேலையா?

அல்சூர்க்காரன்:
தம்பி, அதைத் தாராளமா எழுது, சிவியில மேலேயே போடு. ஆப்டிக்ஸ் லேப்காரன் விடமாட்டான். அது ஆராய்ச்சி வேலை.

ஜெயநகர் ஜானகி:
பாருங்க! உங்களுக்குப் பிடிச்சா ஆராய்ச்சி, பிடிக்கலன்னா வெட்டிப் பொழுதுபோக்கு. சங்கம்னா சங்கம்தான் சார்.

அல்சூர்க்காரன்:
சங்கத்தை விடுங்க, சிபாரிசுக் கடிதத்துக்கு வாங்க, பிள்ளைங்க அடி வாங்கறது அங்கதான். வகுப்பெடுத்த ஹெச்ஓடி (துறைத் தலைவர்) ‘ஒழுக்கமானவர், கலைவிழாவை நடத்தினார்’னு ரெண்டு பத்தி எழுதிக் கொடுப்பார். அந்தக் கடிதம் இருந்தும் இல்லாத மாதிரி. ரெண்டு மாசமாவது பக்கத்துல நின்னு வேலை வாங்கினவர் எழுதணும். அதுக்குத்தான் அறிவியல் அகாடமிகளோட சம்மர் ஃபெலோஷிப், பெங்களூர் ஜேஎன்சிஏஎஸ்ஆர் ஆராய்ச்சி மையத்தோட சம்மர் ஃபெலோஷிப் எல்லாம். டிசம்பர் டெட்லைன்னா அக்டோபர்லயே கேளுங்க. எஸ்ஓபி வரைவு, சிவி, எந்த யூனிவர்சிட்டிக்கு எந்தத் தேதிங்கிற பட்டியல், மூணையும் ஒரே மெயில்ல அனுப்புங்க. கடைசி வாரத்துல கேட்டா பேரை மட்டும் மாத்தின பழைய கடிதம்தான் வரும்.

ஹெப்பால் முருகேசன்:
இது பேச்சு. கன்சல்டன்சிக்கு லட்சக்கணக்குல கட்டறவங்க இதைப் படிக்கட்டும்.

ஜெயநகர் ஜானகி:
முருகேசன் சார், கன்சல்டன்சியை நான் தாங்கிப் பேசல, என் வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க. ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஞாயிறு கணக்கு சொல்லிக்கொடுக்கிற ஒருத்தர் அதை பெர்க்லி கட்டுரையில எழுதலாமா கூடாதா?

அல்சூர்க்காரன்:
எழுதலாம்னு ரெண்டாவது பதிலிலேயே சொல்லியாச்சு. மேல ஏறிப் படிங்க. நான் கேட்டது மாரத்தான்.

ஜெயநகர் ஜானகி:
மாரத்தான்னு நான் எங்க சொன்னேன்? காட்டுங்க.