ஹீலியோஸுக்கு இருக்கிற மவுசு பெட்ரிக்கு ஏன் இல்லை?

செம்பூர்க்காரன்:
மாமா விட்டுப்போன ரெண்டு லென்ஸ் இருக்கு. ஒண்ணு ஜெனிட் கேமராவோட வந்த ஹீலியோஸ் 44-2. இன்னொண்ணு பெட்ரி 135 எம்.எம். நெட்ல ஹீலியோஸ் குவிஞ்சு கிடக்கு, பெட்ரி தேடித்தேடித்தான் கண்ல படுது. மும்பை போரா பஜார்ல காட்டினா, கடைக்காரர் ஹீலியோஸுக்கு மட்டும் விலை சொல்றார், பெட்ரியைத் தொடவே இல்லை. அபூர்வமானதுக்குத்தானே விலை கூடணும்?

மாட்டுங்கா மணி:
தம்பி, பெட்ரி கம்பெனி 1977-லயே திவால். அவங்க லென்ஸைக் கேமராவுல மாட்டற மவுண்ட்டும் அதோட போச்சு. போதாக்குறைக்கு 135 எம்.எம். அந்தக் காலத்துல எல்லாக் கம்பெனியும் போட்ட அளவு, யாருக்கும் அது குறைச்சல் இல்லை.

ஹீலியோஸ் எம்42 திருகு மவுண்ட். ஃபிலிம்ல இருந்து 45.46 எம்.எம். தள்ளி உட்காரணும். உள்ளே கண்ணாடி மடிப்பில்லாத சோனி மிரர்லெஸ் கேமராவுல அந்த தூரம் 18 எம்.எம்.தான். மிச்சத்துக்குக் கண்ணாடியே இல்லாத வெறும் வளையம் போதும், எங்கேயும் கிடைக்கும். சோவியத்ல லட்சக்கணக்கில செஞ்ச லென்ஸ் இது. டிஜிட்டல் வந்த புதுசுல ஓசியில குடுத்தாலும் வாங்க ஆளில்லை. படத்துல பின்னணியில இருக்கிற இலையெல்லாம் சுழல்ற மாதிரி விழறது டிசைன்ல இருக்கிற குறை, ஸைஸ் கம்பெனியோட பழைய பயோட்டார் லென்ஸ் வழியா வந்தது. அந்தக் குறைக்காகத்தான் இப்போ வீடியோ எடுக்கிற பசங்க அலையறாங்க!

தாராவி ஸ்டூடியோ:
மணி அண்ணன் சொல்றது சரி. ட்ரையோப்ளான் 100-னு ஒரு பழைய லென்ஸைப் பாருங்க, உள்ளே மூணே கண்ணாடி. சோப்புக் குமிழி மாதிரி பின்னணி வருதுன்னு தெரிஞ்சதும் விலை எகிறிடுச்சு. ஆனா அபூர்வத்துக்கு மதிப்பே இல்லைன்னும் சொல்லிட முடியாது. 1966-ல வந்த லைக்கா நாக்டிலக்ஸ் எஃப்/1.2 லென்ஸ்ல ரெண்டு ஆஸ்பெரிக் பரப்பை, அதாவது கோள வடிவமில்லாத வளைவை, கையாலதான் அரைக்க வேண்டியிருந்தது. வந்ததே கொஞ்சம், அதுக்குக் காத்திருந்த லைக்காக்காரங்க ஏராளம்.

வாஷி ராணி:
முதல்ல டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களா? நம்ம ஊர் மழைக்கு அலமாரியில வெச்ச லென்ஸ் தப்பிக்கிறது கஷ்டம். ஃபங்கஸ், அதான் பூஞ்சை, இருந்தா எவ்வளவு அபூர்வமா இருந்தாலும் பாதி விலைகூடத் தேறாது. அப்புறம், நெட்ல கேக்கிற விலையை நம்பாதீங்க. வித்து முடிஞ்சதை மட்டும் பாருங்க. கேக்கிறதுக்குக் காசா பணமா.

செம்பூர்க்காரன்:
அடிச்சுப் பார்த்தேன். ஹீலியோஸ் பளிச்சுன்னு இருக்கு. பெட்ரியில ஓரமா மெல்லிசா ஏதோ படர்ந்திருக்கு. ஹீலியோஸைக் குடுத்துடறேன். பெட்ரிக்கு சோனி வளையம் வரவழைக்க முடியுமா மணி அண்ணா? அந்த ஃபங்கஸை நீங்களே எடுத்துக் குடுத்தா எவ்வளவு ஆகும்?