உறைபனிக் காலத்தில் சைக்கிளின் பின் சில்லில் அடிக்கடி காற்றுப் போவது ஏன்?

கேள்வி (கிழக்கு ரொறன்ரோவிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். நான் விக்ரோறியா பார்க் அருகில் வசிக்கிறேன். நவம்பர் முடிந்ததும் சைக்கிளை நிலவறையில் வைத்துவிட்டு ஏப்ரலில் வெளியே எடுப்பதே இதுவரை என் வழக்கமாக இருந்தது. இந்த ஆண்டுதான் முதன்முறையாகக் குளிர்காலம் முழுவதும் ஓடுவதென்று முடிவெடுத்து, டான்போர்த் வீதியின் சைக்கிள் தடத்தில் போய், பிரின்ஸ் எட்வேர்ட் பாலத்தைக் கடந்து, நகரின் நடுவிலுள்ள வேலையிடத்துக்குப் போய் வருகிறேன். ஒரு வழிக்குச் சுமார் 11 கிலோமீற்றர். குளிருக்கு ஏற்ற உடுப்பு கிடைத்துவிட்டது, பனியில் நிதானமாக ஓடவும் பழகிவிட்டேன். ஆனால் பின் சில்லில் காற்றுப் போவதை மட்டும் என்னால் சமாளிக்க முடியவில்லை.

டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து இதுவரை மூன்று முறை இப்படி நடந்துவிட்டது. முதல் முறை ரியூப்பின் வெளிப்பக்கத்தில், அதாவது வீதியைத் தொடும் பக்கத்தில், ஊசி முனை அளவு துளை ஒன்று இருந்தது. வீட்டில் வைத்துப் புது ரியூப் போட்டேன். நான்கு நாட்களுக்குள் ஏறக்குறைய அதே இடத்தில் மீண்டும் துளை விழுந்தது. மூன்றாவது முறை சென்ற வாரம். மாலை ஆறு மணி, மறை 13 பாகை. பாலத்தில் ஏறுவதற்குச் சற்று முன் வீதிக் குழியொன்றில் பின் சில்லு பலமாக இடித்தது, பாலத்தின் நடுவே வந்தபோது காற்று முற்றாகப் போய்விட்டது. ரியூப்பைக் கழற்றிப் பார்த்தபோது, உட்பக்கத்தில் அருகருகே இரண்டு சிறு கீறல்கள் இருந்தன. பள்ளத்தாக்கின் மேல் அடித்த காற்றில் நின்றபடி ஒட்டுப் போட முயன்றேன். பசை காயவில்லை, ஒட்டு உரிந்து வந்தது, விரல்களில் உணர்வே இல்லாமல் போயிற்று. கடைசியில் பிராட்வியூ நிலையம் வரை தள்ளிச் சென்று, சைக்கிளை அங்கே பூட்டிவிட்டு ரயிலில் வீட்டுக்குப் போனேன்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்குப் போன காலத்திலேயே ரியூப்பைக் கழற்றி, பேசினில் தண்ணீர் விட்டுக் குமிழி பார்த்து, நானே ஒட்டுப் போட்டவன். எனவே வேலை தெரியாமல் தடுமாறவில்லை. அங்கே பத்து நிமிடத்தில் முடித்த அதே வேலை இங்கே ஏன் கைகூடவில்லை என்பதையும், குளிர்காலத்தில் ஏன் இத்தனை முறை காற்றுப் போகிறது என்பதையும் அறிய விரும்புகிறேன். சைக்கிள் 35 மில்லிமீற்றர் அகல ரயர்களில் ஓடுகிறது. வீட்டுக்குள் வைத்து 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை அடித்தேன், கடைசியாக அடித்து இரண்டு வாரம் இருக்கும்.

மறுமொழி (ஸ்கார்பரோவிலிருந்து)

வணக்கம். நான் மதுரைக்காரன். இந்த ஊருக்கு வந்து ஒன்பது குளிர்காலங்களாகச் சைக்கிள் ஓட்டுகிறேன், சனிக்கிழமைகளில் மற்றவர்களுடைய சைக்கிள்களைப் பழுது பார்க்கவும் உதவுகிறேன். மூன்று முறை காற்றுப் போனது என்று நீங்கள் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருந்தாலும், தந்திருக்கும் விவரங்களைப் பார்த்தால் அவை இரண்டு வேறு வேறு கோளாறுகள். ஒன்றுக்குச் செய்யும் மருந்து மற்றொன்றுக்கு உதவாது என்பதால், ஒட்டுப் போடுவதற்கு முன் துளை எந்தப் பக்கத்தில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் மிக முக்கியம்.

முதல் இரண்டும் கம்பியின் வேலை என்றே நினைக்கிறேன். தேய்ந்த லாரி டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய எஃகுக் கம்பிகள் சாலையெங்கும் கிடக்கின்றன. பனி வாரும் வண்டிகள் அவற்றையும் கண்ணாடித் துண்டுகளையும் கூர்மையான சரளையையும் சாலையோரத்துக்குத் தள்ளுகின்றன, நாம் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தான். உலர்ந்த ரப்பரை விட ஈர ரப்பரைக் கண்ணாடி எளிதாக அறுக்கும். உருகிய பனியும் உப்புநீரும் எப்போதும் தேங்கிக் கிடக்கும் சாலையில் இது எத்தனை முறை நடக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். டயரில் குத்திய கம்பியை எடுக்காமல் டியூப்பை மட்டும் மாற்றியதால்தான் நான்கு நாளில் அதே இடத்தில் மறுபடியும் துளை விழுந்திருக்கிறது.

அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது, மரத்துப்போன விரலுக்கும் தட்டுப்படாது. டயரின் உட்புறம் முழுவதும் ஒரு பஞ்சுத் துண்டை மெல்லத் தேய்த்துக்கொண்டு வாருங்கள். கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும். கண்டதும் சிறு குறடால் பிடுங்கிவிடுங்கள். டயரை ரிம்மில் மாட்டும்போது, அதில் அச்சிட்ட பெயர் வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டிவந்தால், டியூப்பில் துளை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளியிருக்கிறது என்று அளந்து, டயரில் அதே இடத்தை உடனே கண்டுபிடித்துவிடலாம். இருட்டிலும் குளிரிலும் இந்தச் சிறு பழக்கம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

மூன்றாவது வேறு கதை. உட்பக்கத்தில் அருகருகே இரண்டு கீறல்கள் விழுந்தால், டியூப் குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது என்று பொருள். காற்றழுத்தம் குறைவாக இருந்தால்தான் அப்படி நசுங்கும். நீங்கள் 21 டிகிரி சூடுள்ள வீட்டுக்குள் 50 பிஎஸ்ஐ அடித்த டயர், வெளியே மறை 13 டிகிரியில் ஆறும்போது, காற்று ஒரு துளிகூட வெளியேறாமலே சுமார் 42 பிஎஸ்ஐக்கு இறங்கிவிடும். அதற்கு மேல், எந்த டியூப்பிலும் நாளாக ஆகக் காற்று மெல்லக் கசிவது இயல்பு, நீங்களோ இரண்டு வாரம் பம்ப்பைத் தொடவில்லை. சாலை விரிசல்களில் புகும் நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவதால், உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடக்கும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் குழிகள் பெருகும். அழுத்தம் மிகவும் இறங்கியிருக்கும் நாட்களும் குழிகள் பெருகும் நாட்களும் ஒன்றாக வந்து சேர்வதுதான் இங்குள்ள சிக்கல். வாரம் ஒரு முறையாவது, அழுத்தமானி உள்ள பம்ப்பால், கூடுமானால் சைக்கிள் வெளியே நின்று ஆறிய பிறகு, காற்றடியுங்கள்.

பாலத்தின் மேல் ஒட்டுப் போட முடியாததற்கு உங்கள் கைத்திறன் காரணமல்ல. அந்தப் பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேறிய பிறகுதான் ஒட்டு பிடிக்கும். கடுங்குளிரில் அது மிக மெதுவாக ஆவியாகும், டியூப்பில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஒட்டு உரிந்து வரும். பசையில்லாமல் ஒட்டும் வகை ஒட்டுகளும் குளிரில் சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரை சாலையில் ஒட்டுப் போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். புது டியூப் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வழியில் மாற்றிவிட்டு, ஓட்டை டியூப்பை வீட்டில் சூடான அறையில் ஆற அமர ஒட்டலாம்.

மறுமொழி (ஒஸ்லோவிலிருந்து)

மேலே எழுதியவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன், காற்றழுத்தம் பற்றி மட்டும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இறுகிய பனியின் மேலும் ஐஸின் மேலும் ஓடும்போது, ரயர் சற்று மெத்தென்று இருந்தால்தான் வீதியைப் பற்றும். 50 பிஎஸ்ஐயைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டு ஓடினால் ரியூப் நசுங்காது, ஆனால் முதல் வளைவிலேயே நீங்கள் விழக்கூடும். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வேண்டுமானால், உங்கள் சைக்கிள் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமான ரயரைப் போட வேண்டும். 42 அல்லது 45 மில்லிமீற்றர் ரயர் குறைந்த அழுத்தத்திலும் ரிம்மைக் காக்கும்.

ஆணி ரயர் வாங்கினால் காற்றுப் போகாது என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. அதிலுள்ள ரங்ஸ்ரன் காபைட் ஆணிகள் ஐஸில் வழுக்காமல் காப்பதற்கானவை, கம்பி குத்துவதைத் தடுப்பவை அல்ல. குத்துக்களைத் தடுப்பது ரயரின் உள்ளே வைக்கப்படும் தடிப்பான ரப்பர் அடுக்குத்தான். ஷ்வால்பே மரத்தோன் பிளஸ் வகையில் அந்த அடுக்கு 5 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. ஆனால் அத்தகைய ரயர்கள் குளிரில் விறைத்துப்போய், மாட்டவும் கழற்றவும் கையை நோகடிக்கும். ரயரின் விளிம்பைச் சுற்றிலும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் பெருவிரலால் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியாக வால்வுப் பக்கத்தில் முடித்தால், நெம்பி இல்லாமலே ஏறிவிடும். இதை வீட்டில் நான்கைந்து முறை பழகிவிட்டு வீதியில் இறங்குங்கள்.

ரயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவத்தையும் சிலர் பரிந்துரைப்பார்கள். போத்தலில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். நான் ஒரு முறை அப்படி வாங்கிவிட்டு, ஜனவரியில் ரயரைக் கழற்றியபோது உள்ளே திரவம் கட்டியாகக் கிடந்ததைக் கண்டேன்.

மறுமொழி (ரொறன்ரோ நகரிலிருந்து)

என் அக்காவும் நானும் இங்கே ஐந்து குளிர்காலங்களாகச் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறோம். உங்கள் விரல்கள் உணர்விழந்தன என்று படித்தபோது மிகவும் கவலையாக இருந்தது. ரியூப்பைக் காப்பாற்றுவதை விட விரல்களைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. தடித்த கையுறைக்குள் மெல்லிய நைத்திரைல் கையுறை ஒன்றை அணிந்துகொண்டால், வெறுங்கையோடு இரும்பைத் தொட வேண்டி வராது. கழற்றிய தடித்த கையுறையைப் பனியின் மேல் வைக்காமல் மேற்சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். காற்றுப் போனதென்று தெரிந்ததும் அந்த இடத்திலேயே குனியாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தக் கூண்டுக்கோ நிலைய வாசலுக்கோ போய்விடுங்கள். ரயர் எப்படியும் நனைந்திருக்கிறது, சற்றுத் தள்ளி நடப்பதால் ரியூப்புக்குப் புதிதாக எதுவும் ஆகப்போவதில்லை.

சுரங்க ரயிலில் வார நாட்களில் காலை 6.30 முதல் 10 மணி வரையும், மாலை 3.30 முதல் 7 மணி வரையும் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். ஆனால் ரிரிசி (ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) பஸ்களின் முன்பக்கத்தில் இரண்டு சைக்கிள் ஏற்றும் தாங்கி இருக்கிறது, இடமிருந்தால் அதில் ஏற்றலாம். மறை 15க்குக் கீழே இறங்கிய நாளில் நாங்கள் வீதியில் ரியூப் மாற்றுவதே இல்லை, தாங்கியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

காற்றடிக்கக் கரியமில வாயுக் குப்பி எடுத்துச் செல்வதானால், வாயு வெளிவரும்போது குப்பி கடுமையாகக் குளிரும் என்பதை மறக்காமல் கையுறையோடு பிடியுங்கள். அந்த வாயு ரப்பரின் ஊடாக வேகமாகக் கசிந்துவிடும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் அதை இறக்கிவிட்டுச் சாதாரணக் காற்றை அடியுங்கள். வால்வு மூடியையும் தொலைக்காதீர்கள். உப்புநீர் வால்வுக்குள் புகுந்து உறைந்தால், உள்ளே உள்ள ஊசி சரியாக மூடாமல், துளையே இல்லாத ரியூப்பிலும் காற்று இறங்கும்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு ரயரைக் கழற்றி, உட்புறத்தில் பஞ்சை ஓடவிட்டேன். வால்விலிருந்து இரண்டு சாண் தள்ளி இழை மாட்டியது. அரை சென்ரிமீற்றருக்கும் குறைவான கம்பி ஒன்று உள்ளே நின்றது. மூன்று வாரமாக நான் தேடிய கம்பி அதுதான். சைக்கிளின் சில்லைத் தாங்கும் கவையையும் சேறுதடுப்பையும் அளந்து பார்த்ததில் 40 மில்லிமீற்றர் வரைக்கும் இடமிருக்கிறது, 42 உரசும் போலிருக்கிறது. ஒஸ்லோ நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும். 40 மில்லிமீற்றர் ஆணி ரயரை முன் சில்லுக்கு மட்டும் போட்டு, பின் சில்லுக்குத் தடிப்பான அடுக்குள்ள சாதாரண ரயரைப் போட்டால் போதுமா?

மறுமொழி (ஒஸ்லோவிலிருந்து)

போதும். முன் சில்லு வழுக்கினால் விழுவது நிச்சயம், பின் சில்லு வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்து நிமிர்ந்துவிடலாம், ஆகவே ஆணி ஒன்றுக்குத்தான் என்றால் அது முன்னுக்கே. காற்று அதிகமாகப் போவது பாரம் தாங்கும் பின் சில்லில் என்பதால், தடிப்பான அடுக்கு அங்கே இருப்பதும் பொருத்தம். புது ஆணி ரயரை முதல் 40 கிலோமீற்றர் பனியில்லாத தார் வீதியில், திடீரென்று முடுக்காமலும் பிரேக் பிடிக்காமலும் ஓடுங்கள், அதற்குள் ஆணிகள் தம் இடத்தில் இறுகிவிடும். உள்ளே உரசாமல் இருக்க, சேறுதடுப்பைச் சற்று உயர்த்திக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஈரப் பனி இடையில் அடைத்துச் சில்லையே நிறுத்திவிடும்.